செருப்புக் கடைக்காரன் சொல்லும் கால் கணக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிரே ஸ்ட்ரீட் பக்கம் 26 வருஷமாகச் செருப்பு விற்கிறேன். பலகையில் டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட் என்று மாற்றியாயிற்று, வாய்க்குத்தான் இன்னும் பழகவில்லை. நான் டாக்டர் இல்லை. ஆனால் தினமும் இருபது பேர் காலையாவது கையில் பிடித்துப் பார்க்கிறவன்.

முதலில் அளவு. சாயங்காலம் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். எழுந்து நின்றால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். சந்தேகமென்றால் நான் பழுப்புக் காகிதத்தில் ஆளை நிற்கவைத்து, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, வெட்டி ஷூவுக்குள் நுழைப்பேன். ஓரம் மடிந்தால் அந்த ஷூ அந்தக் காலுக்கு இல்லை.

பித்த வெடிப்புக்கு யூரியா கலந்த க்ரீம், குளித்ததும் தினமும் தடவுங்கள். விரல் இடுக்கில் வேண்டாம், ஈரம் தங்கும். அந்த ஈரத்தில்தான் சேற்றுப் புண் வரும். டர்பன் புழுக்கத்தில் அது சர்வசாதாரணம். பூஞ்சையைக் கொல்லும் க்ளோட்ரிமசோல் க்ரீம் போட்டால் ஆறும். ஆறிய பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். நகத்தை நேராக வெட்டுங்கள். மூலையைக் குடைந்தால் சதைக்குள் ஏறும்.

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் குத்துகிறதா? தண்ணீர் பாட்டிலை உறையவைத்துப் பாதத்தின் கீழ் உருட்டுங்கள், கெண்டைக்காலை நீட்டி இழுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலில் நடக்காதீர்கள். இது மெதுவாகத்தான் விடும். ஆறு வாரமாகியும் குறையாவிட்டால் பொடியாட்ரிஸ்டிடம், அதாவது பாத வைத்தியம் படித்தவரிடம், போங்கள்.

கால் ஆணியில் நானே ஏமாந்தவன். பார்மசியில் கிடைக்கும் ஆணி பிளாஸ்டரை ஒட்டினேன். அதிலிருக்கும் சாலிசிலிக் ஆசிட் ஆணியோடு சுற்றியிருந்த நல்ல தோலையும் அரித்துவிட்டது. சுகர் உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது, பிளேடையும்தான். நேராக அழுத்தினால் வலிப்பது பெரும்பாலும் ஆணி. பக்கவாட்டில் கிள்ளினால் வலிப்பது பெரும்பாலும் மரு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஒரு நாள் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஆயா வந்தார். பழைய ஷூவைக் கழற்றினால் சாக்ஸ் அடியில் ரத்தக் கறை. உள்ளே கைவிட்டேன், ஷூவின் அடித்தோலைத் துளைத்துக்கொண்டு ஓர் இரும்பு ஆணி முனை.

"ஆயா, இது குத்தவில்லையா?"

"எது தம்பி?"

இருபது வருஷ சுகர். பாதத்தில் உணர்ச்சியே இல்லை. அன்று நான் ஷூ விற்கவில்லை, கிளினிக்குக்கு அனுப்பினேன். அதனால்தான் சுகர்காரர்களுக்குச் சொல்கிறேன்: தினமும் ராத்திரி தரையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். ஷூ போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். வெந்நீர்ச் சூட்டைக் காலால் சோதிக்காதீர்கள், முழங்கை வையுங்கள். வலி எதுவும் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு முறை கிளினிக்கில் பாதத்தைக் காட்டுங்கள். 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார்கள். காவடிக்கு வெயில் தாரில் நடக்கவும் ஈஸ்டர் சமயத்தில் பூக்குழி இறங்கவும் நேர்ந்துகொண்டவர்கள் இந்தச் சோதனையை முன்பே செய்துகொள்ளுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஒரு கால் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால், வலி இல்லாவிட்டாலும், அன்றே ஆஸ்பத்திரி. சீழ், கறுத்த விரல், புண்ணோடு காய்ச்சல், இவற்றுக்கும் அப்படியே. அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள்.

மற்றபடி தனியார் பொடியாட்ரிஸ்டிடம் போக டாக்டர் கடிதம் வேண்டியதில்லை. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) எவ்வளவு தரும் என்று மட்டும் முன்கூட்டிக் கேளுங்கள். அரசு கிளினிக்கில் என்றால் அவர்களே அனுப்ப வேண்டும். பெடிக்யூர் கடையும் இதுவும் ஒன்றல்ல, எச்.பி.சி.எஸ்.ஏ. (இந்த நாட்டில் மருத்துவத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். போகும்போது புது ஷூவில் மினுக்கிக்கொண்டு போகாதீர்கள். தினமும் போடும் பழைய ஷூவை ஒரு பையில் எடுத்துப் போங்கள், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அவர்கள் பார்க்க வேண்டும்.