ஜீவனாம்ச ஒப்பந்தம்: கையெழுத்துப் போட்ட பிறகு கோட்டை விடும் இடங்கள்

பாலக்கோடு, ஊத்தங்கரைப் பக்கமெல்லாம் பெரியவர்கள் கூடிப் பேசி, "அஞ்சு லட்சம், போட்ட நகை, அதோட தீர்ந்தது" என்று 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்குவது புதிதல்ல. பணம் வராதபோது அந்தத் தாளோடு கோர்ட்டுக்குப் போனால் நிறைவேற்று மனு (பணத்தை வசூலித்துத் தரும்படி கேட்கும் மனு) போட முடியாது. அதற்கு டிகிரி, அதாவது நீதிமன்றத்தின் தீர்ப்பாணை வேண்டும்.

பரஸ்பர சம்மத விவாகரத்து மனுவோடு, இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தையும் தாக்கல் செய்து, அதன் ஷரத்துகள் டிகிரியிலேயே வரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். டிகிரி நகல் கைக்கு வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டாமல் வரிவரியாகப் படியுங்கள். "வசதிப்படும்போது தருவார்" என்ற வாசகம் இருந்தால், எந்தத் தேதியில் தவறினார் என்று பிறகு எதை வைத்துச் சொல்வீர்கள்? தொகை, தேதி, வங்கிக் கணக்கு, தவறினால் வட்டி எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ரொக்கத்துக்குப் பதில் மாந்தோப்பில் பங்கு தருவதாகவும் பேசி முடிப்பார்கள். சர்வே எண்ணும் நான்கு எல்லையும் இல்லாமல் "ஒரு ஏக்கர்" என்று மட்டும் எழுதினால் சண்டை மறுபடி முதலிலிருந்துதான். வழக்கில் சேராத நிலமாக இருந்தால் டிகிரியைப் பதிவும் செய்ய வேண்டும்.

கொடுப்பவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மச்சான் கையில் கொடுத்தனுப்பிய ரொக்கத்தைக் கோர்ட் கணக்கில் எடுக்காது. வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

டிகிரியை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. அந்தத் தைரியத்தில், குற்றவியல் நீதிமன்றம் போட்ட மாத ஜீவனாம்ச உத்தரவையும் கிடப்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பாக்கிக்காக வாரண்ட் கேட்கும் மனுவை, தொகை சேர வேண்டிய நாளிலிருந்து 1 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். பணம் வரவில்லை என்று பிள்ளையைக் காட்ட மறுப்பதும் வேண்டாம். வழக்கு உங்கள் பக்கமே திரும்பும்.

"ஓசூர் கம்பெனியை விட்டு அத்திப்பள்ளி தாண்டிப் போயிட்டாரு, இனி எங்கே பிடிக்கிறது?" என்று கைவிடுகிறவர்கள்தான் அதிகம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39வது பிரிவில் டிகிரியைக் கர்நாடக நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ஜீவனாம்ச டிகிரி என்றால் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் ஜப்தியிலிருந்து விலக்கு. சொத்தே இல்லை என்று அவர் கைவிரித்தால், சொத்து விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வைக்கும்படி நிறைவேற்று மனுவிலேயே கேளுங்கள்.