திரும்ப மேடை ஏறும் கிதார்க்காரர்களுக்கு

கிருஷ்ணகிரிப் பக்கம் மாசி பிறந்தாலே திருவிழாக் கச்சேரிக்கு ஆள் தேடுவார்கள். கல்யாணத்துக்கு முன் வாசித்த கிதாரை 46 வயதில் நான் திரும்ப எடுத்தது அப்படித்தான். பழைய நினைப்பில் 12 கேஜ் கம்பியோடு உட்கார்ந்தேன் (கேஜ் என்பது கம்பியின் தடிமன், எண் குறைந்தால் கம்பி மெல்லிசு). மூன்றே நாளில் விரல் நுனியெல்லாம் கொப்புளம். அப்புறம் 10 கேஜுக்கு மாறினேன், தினமும் 15 நிமிடம் மட்டும். விரல் காய்ப்பு ஏற மூன்று வாரம் ஆனது.

சரி, விரல் தேறிவிடும். காது தேறாது. 85 டெசிபெல் சத்தத்தில் 8 மணி நேரம்தான் பாதுகாப்பு வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அது பாதியாகும். 100 டெசிபெலில் வெறும் கால் மணி நேரம். நம்மூர் மேடையிலோ ஸ்பீக்கர் பாக்ஸ் காதோரமே நிற்கும்! இசைக்காரர்களுக்கென்றே விற்கும் காதடைப்பான் வாங்குங்கள். பஞ்சு வைத்து ஏமாறாதீர்கள்.

பாடுகிறவர் கடைசி நிமிடத்தில் அரைக் கட்டை ஏற்றச் சொல்வார், கேப்போ (கிதார்க் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் கிளிப்) பையிலேயே இருக்கட்டும்.

முதல் கச்சேரியிலேயே ராத்திரி முழுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், நான்கு பாட்டு போதும். காவேரிப்பட்டினத்தில் ஐந்தாவது பாட்டில் எனக்கு இடது கை மரத்துப்போனது. மீதியை கீபோர்டுக்காரத் தம்பிதான் சமாளித்தான்.