மூலிகைச் சாற்றை எலியில் சோதிக்கும்போது மலைநாட்டில் கவனிக்க வேண்டியவை

சாறு கொடுத்த எலி மயிர் சிலிர்த்துச் சுருண்டு கிடந்தால் உடனே செடியில் நஞ்சு என்று எழுதிவிடக் கூடாது. இலங்கை மலைநாட்டில் அதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றை முதலிலேயே விலக்காவிட்டால் உயிர்கள் வீணாகும்.

தேயிலை மலையோரத்தில் பறித்த வல்லாரை வேண்டாம். களைக்கொல்லி எச்சம் சாற்றில் செறிந்துவிடும். செடியின் அடையாளத்தைப் பேராதனை தேசிய உலர்தாவரகத்தில் (உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடம்) உறுதி செய்யுங்கள். மழை மாதங்களில் நிழலில் காயவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். 40 பாகையில் உலர்த்தும் பெட்டியே நல்லது. எதனோலில் எடுத்த சாறென்றால் அது முழுக்க ஆவியாக வேண்டும், மிஞ்சினால் எலி தள்ளாடும்.

விலங்கறை 22 பாகை செல்சியஸ், கூடக்குறைய 3. நுவரெலியா இரவுக்கு ஹீட்டர் கட்டாயம். குளிரிலும் மயிர் சிலிர்க்கும்.

நெறிக்குழு அனுமதி கிடைத்தபின் ஓஇசிடி 423 முறையைப் பின்பற்றலாம். வாய்வழி கொடுத்த பொருளின் உடனடி நச்சுத்தன்மையைச் சில எலிகளில் படிப்படியாகச் சோதிக்கும் சர்வதேச வழிகாட்டி அது. கருவுறாத, 8 முதல் 12 வார வயதுப் பெண் எலிகள், ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று. குறைந்தது 5 நாள் கூண்டில் பழகட்டும். முதல்நாள் இரவு தீனியை எடுங்கள், தண்ணீரை எடுக்காதீர்கள். செடியைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டால் கிலோவுக்கு 300 மில்லிகிராமில் தொடங்குங்கள். நெடுங்காலம் உணவாகவே உண்ணும் கீரையென்றால் 2000. கார்த்திகைக் கிழங்குக்கு அந்த அளவை நினைக்கவே கூடாது, அதில் கொல்சிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது.

180 கிராம் எலிக்கு 2000 அளவில் 360 மில்லிகிராம். நூறு கிராம் எடைக்கு 1 மில்லிலீற்றர் என்பதால் 1.8 மில்லிலீற்றர் திரவத்தில் கலக்குங்கள். இரைப்பை ஊசியை (வாய்வழியே இரைப்பைக்குள் சாறு செலுத்தும் மழுங்கிய முனை ஊசி) மூக்கு நுனியிலிருந்து கடைசி விலா வரை வைத்து அளந்து, தடை தெரிந்தால் அழுத்தாமல் வெளியே எடுங்கள். சில நிமிடங்களில் மூக்கில் நுரை, மூச்சுத் திணறல் என்றால் திரவம் நுரையீரலுக்குள் போயிருக்கிறது. அந்த மரணத்தைச் செடியின் கணக்கில் சேர்க்காதீர்கள்; உடற்கூற்றில் நுரையீரலைத் திறந்து பாருங்கள்.

சாறு கொடுத்தபின் மேலும் 3, 4 மணி நேரம் கழித்தே தீனி. முதல் அரை மணிக்குள் ஒருமுறையாவது, முதல் 24 மணி நேரம் அவ்வப்போது, அதிலும் முதல் 4 மணி நேரம் கூர்ந்து, அப்புறம் தினமும், மொத்தம் 14 நாள் கவனியுங்கள். கொல்சிசின் போன்றவை நாட்கள் கழித்தும் கொல்லும் என்பதால் நாட்களைக் குறைக்காதீர்கள். எடையை வாரம் ஒருமுறை பதியுங்கள். மூன்றில் இரண்டோ மூன்றோ இறந்தால் அளவைக் குறையுங்கள். ஒன்றோ, ஒன்றுமில்லையோ என்றால் அதே அளவில் இன்னும் மூன்று. முந்தையவை பிழைக்கும் என்று உறுதியாகும்வரை அடுத்த குழுவைத் தொடாதீர்கள். தேறாது என்று தெரியும் எலியை வலியில் விடாமல் உடனே கருணைக்கொலை செய்யுங்கள். அதையும் இறந்த கணக்கிலேயே சேர்க்க வேண்டும்.