மலையேறும் வண்டியில் கேம் ஷாஃப்ட் கோளாறு: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

கம்பத்திலிருந்து குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும், போடியிலிருந்து போடிமெட்டுக்கும் ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் ஏறி இறங்குகிற ஜீப்புகளின் எஞ்சின் படும் பாடு, சமவெளி வண்டிக்குக் கிடையாது. ஏறும்போது முழு லோடில் இரண்டாம் கியர், இறங்கும்போது எஞ்சின் பிரேக். இந்த வண்டிகளில் 'டேப்பட் சத்தம்' (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள பாகத்தின் தட்டல்) என்று வருவதில் ஒரு பகுதி உண்மையில் கேம் தேய்மானம். டேப்பட்டை மட்டும் மறுபடி மறுபடி டைட் வைத்து ஓட்டினால், கடைசியில் எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டையே மாற்ற வேண்டி வரும்.

கேம் ஷாஃப்ட்டின் வேலை, காற்று உள்ளே போகும் (இன்டேக்), புகை வெளியேறும் (எக்ஸாஸ்ட்) வால்வுகளைத் திறப்பது. ஒவ்வொரு வால்வுக்கும் முட்டை வடிவில் ஒரு மேடு இருக்கும்; அதை லோப் என்பார்கள். பிஸ்டன்கள் சுழற்றும் கீழ்த்தண்டான கிராங்க், பெரும்பாலும் டைமிங் செயின் அல்லது பெல்ட் வழியாகக் கேமைச் சுற்றும்; கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்தப் பாதி வேகக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சத்தத்தைப் பிரித்தறிய உதவும்.

முதலில் ஆயில்

ஹெட்டின் மேல் உள்ள வால்வு கவரைக் கழற்றுவதற்கு முன்னால் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும். தோட்டத்துச் சரிவில் நிறுத்திப் பார்த்த அளவு அளவே அல்ல. ஓவர்ஹெட் கேம் எஞ்சினில் கேம் இருப்பது உச்சியில். பம்பிலிருந்து ஆயில் அங்கே போய்ச் சேரத் தாமதமாகும். அளவு குறைந்த சம்ப்பில் (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் ஏற்றத்தில் ஒருபக்கம் ஒதுங்கினால், பம்பின் வாயில் உள்ள வலையான ஸ்ட்ரெய்னர் காற்றை உறிஞ்சும். அப்போது முதலில் காய்கிற இடங்களில் கேம் ஜர்னலும் (ஹெட்டில் உட்கார்ந்து சுற்றும் பகுதி) லோப்பும் உண்டு.

ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். சரியான எண் அந்த வண்டியின் மேனுவலில் இருக்கும். பொதுக்கணக்காக, ஒவ்வொரு 1000 ஆர்பிஎம்முக்கும் (நிமிடச் சுற்று) சதுர செ.மீ.க்கு 0.7 கிலோ அழுத்தமாவது வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் புதுக் கேம் போட்டும் பயனில்லை. பழையது எதனால் தேய்ந்ததோ அதனாலேயே புதியதும் தேயும்.

சத்தம் கேட்பது

நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியை வால்வு கவரின் மேல் இடம் மாற்றி மாற்றி வையுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் கவனம். ஐடிலில் 800 ஆர்பிஎம் என்றால் கேம் நிமிடத்துக்கு 400 சுற்று. ஒரு லோப் தேய்ந்திருந்தால் நொடிக்கு ஆறேழு தரம் 'டிக் டிக்' என்று கேட்கும். கனெக்டிங் ராடு (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) சத்தம் இதைவிட ஆழமானது, லோடு ஏறினால் கூடும்.

பெட்ரோல் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டராகக் காயில் கனெக்டரையும் இன்ஜெக்டர் கனெக்டரையும் கழற்றிப் பாருங்கள். சத்தம் மாறாவிட்டால் சந்தேகம் கேம் பக்கம். குறைந்தால் ராடு, பிஸ்டன் பக்கம். பழைய பம்ப் டீசலில் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி இதே சோதனையைச் செய்யலாம். காமன் ரெயில் வண்டியில் (உயர் அழுத்தப் பொதுக்குழாய் வழியே டீசல் போகும் வகை) மட்டும் கூடவே கூடாது. அந்த லைனில் அழுத்தம் 1000 பாருக்கு மேலும் போகும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடி சத்தம் வந்து அடங்குவது ஹைட்ராலிக் டேப்பட் (ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் வகை) எஞ்சினில் இயல்பு. அதற்காகக் கவரைத் திறக்க வேண்டாம்.

கம்ப்ரஷன் சொல்வது

ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம்) குறைவு என்று வையுங்கள். ஒரு ஸ்பூன் ஆயில் விட்டும் ஏறவில்லை, அப்படியானால் பிஸ்டன் ரிங் அல்ல. காற்று ஏற்றிப் பார்த்தால் வால்வில் கசிவும் இல்லை. அப்போது இன்டேக் லோப் தேய்ந்து, வால்வு பாதிதான் திறக்கிறது. சிலிண்டருக்குள் காற்றே போதுமான அளவு போகவில்லை என்று பொருள். எக்ஸாஸ்ட் லோப் தேய்ந்தால் அடையாளம் வேறு: எரிந்த புகை வெளியேற முடியாமல் இன்டேக் வழியே திரும்பி 'பட் பட்' என்று வெடிக்கும். பலர் இதை டைமிங் கோளாறு என்று நினைத்துச் செயினை மாற்றிவிடுகிறார்கள்.

ஸ்கேனரில் பி0340 (கேம் சென்சார் சர்க்யூட் கோளாறு என்ற குறியீடு) வந்தால் சென்சார் வாங்க ஓடாதீர்கள். சென்சாரைக் கழற்றி நுனியில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கிறதா, வயர் எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். பி0016 என்றால் கேமும் கிராங்கும் பொருந்தவில்லை. செயின் நீண்டதா, பல் தாண்டியதா என்று பார்க்க வேண்டும்.

கவரைத் திறந்த பிறகு

குளிர்ந்த எஞ்சினில், முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் மேல்புள்ளியில் நிறுத்தி ஃபீலர் கேஜால் டேப்பட் இடைவெளி பாருங்கள். பெட்ரோல் எஞ்சின் பலவற்றில் 0.15 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கும், டீசலில் சற்றுக் கூடுதல். போன மாதம் சரிசெய்த இடைவெளி இந்த மாதம் கூடியிருந்தால் லோப்போ, அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கரின் முனையோ தேய்கிறது.

அடுத்து டயல் கேஜ். ஊசியை வால்வு ரீட்டெய்னர் (ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் தட்டு) மேல் நிறுத்தி, கிராங்கை ஸ்பேனரால் எஞ்சின் சுற்றும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். இன்டேக் வால்வுகள் எல்லாவற்றின் லிஃப்டையும் (திறக்கும் உயரம், மி.மீ. கணக்கில்) எழுதி, ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். எக்ஸாஸ்டையும் அப்படியே. எல்லாம் 8.1, 8.1, 8.0 என்று வந்து ஒன்று மட்டும் 7.4 வந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

கழற்றுவது

பேட்டரி வயரை எடுங்கள். டைமிங் குறிகளைப் பொருத்தி, பெயின்ட் வைத்து, ஃபோட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். செயினைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். உள்ளே விழுந்தால் முன்கவர் முழுவதும் பிரிக்க வேண்டும்.

கேமை ஹெட்டோடு பிடித்திருக்கும் கேப்புகளின் போல்ட்டுகளை வெளியிலிருந்து நடுவை நோக்கி, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். வால்வு ஸ்பிரிங்குகள் கேமை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு முனையை மட்டும் முழுதாக விட்டால் வார்ப்பிரும்புக் கேம் முறிந்துவிடும். கேப்பில் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும். அந்த வரிசையிலேயே அட்டையில் அடுக்குங்கள், மாறக் கூடாது.

சரிசெய்வதா, மாற்றுவதா

நகத்தை லோப்பின் குறுக்கே இழுங்கள். நகம் மாட்டாத மெல்லிய கோடு என்றால், 1500 நம்பர் எமரி பேப்பரை ஆயிலில் நனைத்து மெருகேற்றினால் போதும். குழி விழுந்திருந்தால் மெருகேற்றி லாபமில்லை. மேலே இருந்த கடினமான அடுக்கு போய்விட்டது. அடியில் உள்ள மென்மையான இரும்பு விரைவில் கரையும். வெல்டிங் வைத்து அரம் போடுவதை ஒருபோதும் ஏற்காதீர்கள். கிரைண்டிங் பட்டறையில் புதுவடிவம் வெட்டித் தருவார்கள். ஆனால் கேமின் அடிவட்டம் (முட்டை வடிவின் உருண்டைப் பகுதி) சிறுக்கும், டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட் எட்டுமா என்று முன்பே கேளுங்கள்.

புதுக் கேமுக்குப் பழைய ராக்கர் போடுவது பணத்தை மிச்சம் பிடிப்பது அல்ல. தேய்ந்த ராக்கர் முனை புது லோப்பை அரைத்துவிடும். இரண்டும் சேர்த்தே வாங்குங்கள்.

ஹெட்டில் ஜர்னல் உட்காரும் இடத்தைப் பிளாஸ்டிகேஜ் இழை (நசுங்கிய அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து அளக்கலாம். இழை உள்ளே இருக்கும்போது கேமைச் சுற்றக் கூடாது. இடைவெளி 0.15 மி.மீ. தாண்டினால் பெரும்பாலும் ஹெட் வேலை இருக்கிறது.

சம்ப்பை இறக்கி ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள். கேஸ்கெட்டுக்கு அள்ளிப் பூசிய சிலிகான் பேஸ்ட் பிதுங்கி விழுந்து, ஸ்ட்ரெய்னர் வலையை அடைத்திருக்கும். இது அடிக்கடி நடக்கிற தப்பு. ஹெட்டில் உள்ள ஆயில் துளைகளையும் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

மாட்டுவது

லோப்பிலும் ஜர்னலிலும் அசெம்ப்ளி கிரீஸ் தடவுங்கள். கேப்பை நடுவிலிருந்து வெளியே, மூன்று தவணையாக டைட் வையுங்கள். 6 மி.மீ. போல்ட் என்றால் கடைசியில் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். கைக்கணக்கில் முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது இடித்தால் பலம் கொடுக்காதீர்கள், டைமிங் தப்பியிருக்கிறது.

எரிபொருளை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரைப் பத்து நொடி, இடைவெளி விட்டு மறுபடி பத்து நொடி சுற்றி, ஆயில் விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். ரோலர் இல்லாத சமதள டேப்பட் என்றால் ஐடிலில் விடாமல், 2000 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓட்டிப் பழக்க வேண்டும்.

மலைமேல் டைமிங் பெல்ட்டோ செயினோ அறுந்து வண்டி நின்றால், கியரில் போட்டு உருட்டி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரும் வேலை செய்யாது, அதனால் நியூட்ரலில் இறக்குவது உயிருக்கே ஆபத்து. ரெக்கவரி வண்டியை வரவழையுங்கள்.

வேலை முடிந்து 500 கி.மீ. ஓடியதும் ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளில் காந்தத்தை ஓட்டுங்கள். காந்தத்தில் ஒட்டும் பளபளப்பான தூள் திரளாக வந்தால் கவரை மறுபடி திறந்தாக வேண்டும்.