சென்னைப் புறநகரில் குடியேறும் முன்: இடம் தேர்வதற்கான செய்முறை விளக்கம்

நகருக்குள் கொடுக்கும் வாடகையில் தாம்பரத்துக்குத் தெற்கே சொந்த வீட்டுக்கு மாதத் தவணையே கட்டிவிடலாம் என்று அலுவலகத்தில் யாராவது ஒருவர் கணக்குச் சொல்லும் நாளில்தான் பெரும்பாலான குடும்பங்களின் புறநகர்த் தேடல் தொடங்குகிறது. எங்கள் தேடலும் அப்படித்தான் தொடங்கியது. பெருங்களத்தூர், முடிச்சூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மேடவாக்கம், கேளம்பாக்கம் என்று எட்டு மாதம் அலைந்த பிறகுதான், வீடு பிடித்துப்போய் அதற்காக ஊரை ஏற்றுக்கொள்ளும் வழக்கமான வரிசையே தவறு என்பது புரிந்தது. சமையலறை மேடையையும் தரைக் கல்லையும் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். தெருவின் மட்டத்தையும் கிணற்று நீரின் உப்பையும் நம்மால் மாற்ற முடியாது. முதன்முறையாகத் தேடுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால், நாங்கள் தாமதமாகக் கற்றுக்கொண்டவற்றைச் செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: குடும்பத்தின் ஒரு வாரத்தை எழுதி வையுங்கள்

ஒரு தாளில், வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் திங்கள் முதல் ஞாயிறு வரை எங்கே, எத்தனை மணிக்குப் போய்த் திரும்ப வேண்டும் என்பதை எழுதுங்கள். அலுவலகமும் பள்ளியும் மட்டும் போதாது. அம்மாவின் கண் மருத்துவர், மகளின் பாட்டு வகுப்பு, மாதம் ஒருமுறை சொந்த ஊருக்குப் புறப்படும் வெள்ளிக்கிழமை இரவு ஆகியவையும் அந்தத் தாளில் இடம்பெற வேண்டும்.

பிறகு அந்தத் தாளை வைத்துக்கொண்டு, விளம்பரத்தில் "ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து (தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் நெடுஞ்சாலை) ஐந்தே நிமிடம்" என்று போட்டிருக்கும் இடத்துக்கு ஒரு வேலை நாளில் காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். அந்த ஐந்து நிமிடம் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் அளந்தது என்பது தெரியவரும். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள மனை என்றால், இடையில் மேம்பாலமோ சுரங்கப்பாதையோ இருக்கிறதா, கேட் மட்டும்தானா என்பதைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் சுரங்கப்பாதை கேட்டைவிட மோசமாகிவிடுவதும் உண்டு. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில்கள் அடிக்கடி ஓடுகின்றன. செங்கல்பட்டு வரை செல்லும் ரயில்கள் அவற்றைவிடக் குறைவு. எனவே ஊரப்பாக்கத்திலோ கூடுவாஞ்சேரியிலோ வீடு பார்ப்பவர்கள் கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, தமக்கு வேண்டிய நேரத்தில் எத்தனை வண்டிகள் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தெற்கே சொந்த ஊர் உள்ளவர்களுக்கு இந்தப் பக்கம் வசதியாகிவிட்டது. ஆனால் பொங்கல், தீபாவளிக்கு முந்தைய மாலைகளில் அதே சாலையில்தான் உங்கள் பிள்ளையின் பள்ளி வேனும் வந்தாக வேண்டும்.

வரப்போகும் மெட்ரோவை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரையிலான தடம் வரும்போது பழைய மாமல்லபுரம் சாலையில் இருப்பவர்கள் மகிழட்டும். நாம் இன்றைக்கு ஓடும் வண்டியில் எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையே கணக்கில் எடுப்போம்.

படி 2: தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்று பாருங்கள்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து நிலம் ஏரிகளால் ஆனது. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் (உபரி நீர் வழிந்தோடும் அமைப்பு) வழியாக அடுத்த ஏரிக்கும், அங்கிருந்து அதற்கடுத்த ஏரிக்கும், கடைசியில் ஆற்றுக்கோ சதுப்பு நிலத்துக்கோ நீர் போகும்படி நம் முன்னோர் கட்டிவைத்த சங்கிலி அது. புதிய குடியிருப்புகள் பல அந்தச் சங்கிலியின் கண்ணிகளுக்கு நடுவே எழுந்தவை. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் அடையாற்றில் சேர்ந்து இறங்குவதால்தான் 2015 வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது. தென்சென்னையின் ஏரிகள் பல கடைசியாக வந்து சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது அதைச் சுற்றிய பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் நீர் வடிய நாட்கள் ஆயின.

இதைச் சோதிக்க மூன்று வழிகள் உண்டு. முதலாவது, கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கும் வசதியைத் திறந்து, நீங்கள் பார்க்கும் மனை இருபது ஆண்டுகளுக்கு முன் வயலாக இருந்ததா, நீர் தேங்கிய இடமாக இருந்ததா என்று ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிப் போய்ப் பார்ப்பது. இரண்டாவது, புல எண்வாரியாக நிலத்தின் வகையைக் காட்டும் கிராமத்தின் அ-பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் உங்கள் புல எண்ணுக்குப் பக்கத்து எண்கள் எவ்வாறு வகைப்படுத்தப்பட்டுள்ளன என்று பார்ப்பது. "ஓடை", "வாய்க்கால்", "ஏரி உள்வாய்" (ஏரியின் நீர் பரவும் உட்பகுதி) என்று எதிலாவது இருந்தால், இன்று அங்கே தார்ச்சாலை இருந்தாலும் மழைக்கு அது வாய்க்கால்தான். ஊர்ப் பெயரில் "தாங்கல்", "ஏந்தல்" போன்ற சொற்கள் இருந்தாலும் சற்று நின்று விசாரியுங்கள். இரண்டும் நீர்நிலையைக் குறிப்பவை.

மூன்றாவது வழிக்குக் காசும் வேண்டாம், கணினியும் வேண்டாம். நாங்கள் ஏறக்குறைய முன்பணம் கொடுக்கவிருந்த ஒரு தெருவில், இடைத்தரகர் "இங்கெல்லாம் சொட்டுத் தண்ணி நிக்காது சார்" என்று உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் மனைவி எதிர்வீட்டுச் சுற்றுச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிதாக வெள்ளையடித்த சுவர்தான். ஆனால் சுவருக்கும் மின்கம்பத்துக்கும் இடையே தூரிகை நுழையாத இடுக்கில், என் இடுப்புக்குச் சற்று மேலே, டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு கோடு படுக்கையாக ஓடியது. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம், "அண்ணே, இங்க மழைக்குத் தண்ணி வருமா?" என்று கேட்டேன். "இந்த வண்டிய மூணு தெரு தள்ளிப் போய்த்தான் எடுத்தோம்" என்றார், கரிப்பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே. அன்றிலிருந்து எந்தத் தெருவுக்குப் போனாலும் இஸ்திரி வண்டி, பால் பூத், பழைய ஓட்டு வீடு ஆகிய மூன்றையும்தான் முதலில் தேடுகிறோம்.

வீட்டின் தரைமட்டம் தெருவைவிட எத்தனை அடி உயரம் என்பதையும் பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே சாலை போடுவதால், கட்டும்போது மூன்று படி ஏறிப்போன வீடுகளில் இன்று ஒரு படி இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது.

படி 3: தண்ணீர் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பாருங்கள்

நவம்பரில் நீந்தும் அதே தெருவில் மே மாதத்தில் லாரிக்குக் காத்திருப்பார்கள். ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, கோடையில் எத்தனை நாள் வற்றியது, குழாய்க் குடிநீர் வீட்டுக்குள் வருகிறதா அல்லது தெருக் குழாயோடு நின்றுவிட்டதா என்று விற்கிறவரிடம் கேட்காமல், குடியிருப்பவரிடம் கேளுங்கள். நீரில் கரைந்த உப்பை அளக்கும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டால், பக்கத்து வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டு அங்கேயே அளந்துவிடலாம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்புடையது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. ஆயிரத்தைத் தாண்டினாலே குழாய் முனைகளில் வெள்ளைப் பொருக்குப் படிவதையும், குளித்தபின் தலைமுடி பிசுபிசுப்பதையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக வேண்டும்.

அடுக்குமாடி என்றால், சங்கப் பொருளாளரிடம் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பராமரிப்புக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். லாரித் தண்ணீருக்கும் கழிவுநீர் லாரிக்கும் எவ்வளவு போகிறது என்பது அந்த மூன்று மாதத் தாளில் தெரிந்துவிடும். பாதாளச் சாக்கடை இல்லாத பகுதிகள் இன்னும் ஏராளம்.

படி 4: எந்த உள்ளாட்சியின் கீழ் வருகிறது?

எதிரெதிர்த் தெருக்கள்கூட வெவ்வேறு உள்ளாட்சிகளின் கீழ் இருக்கலாம். 2021 நவம்பரில் 5 நகராட்சிகளையும் 5 பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. அதன் எல்லையைத் தாண்டியதும் ஊராட்சிகள் தொடங்குகின்றன. ஊராட்சியில் வரி குறைவு. குப்பை வண்டி, தெருவிளக்கு, சாலை ஆகியவற்றுக்கான பணமும் ஆளும் குறைவு. எது மேல் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போக வேண்டும் என்று அங்கே குடியிருக்கும் நான்கு பேரைக் கேட்டு, நால்வரும் நான்கு பதில் சொன்னால், அந்தத் தெருவைப் பட்டியலில் கீழே இறக்குங்கள்.

படி 5: ஆவணங்கள்

இதை ஒரு வழக்கறிஞரிடம் விடுவதுதான் சரி. எனினும் முதல் வடிகட்டலை நாமே செய்யலாம். சொத்தின் மீது முன்பு பதிவான பரிவர்த்தனைகளைக் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டாவையும் புல வரைபடத்தையும் வருவாய்த்துறையின் இணையச் சேவையில் பார்க்கலாம். மனைப்பிரிவுக்குச் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்பது மனைப்பிரிவுக்கான ஒப்புதலே அல்ல. 20.10.2016-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் அரசு திட்டம் கொண்டுவந்தது. அத்தகைய மனை என்றால் அதற்கான வரன்முறை ஆணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். புதிய திட்டமாக இருந்தால் ரெரா (கட்டட, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணையும் சரிபாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும். வரைபடத்தில் பச்சை நிறத்தில் இருக்கும் அந்தப் பூங்காவை நேரில் போய்த் தேடுங்கள். நாங்கள் தேடிய ஒன்றில் செங்கல் அடுக்கியிருந்தது.

படி 6: இருட்டிய பிறகு ஒருமுறை போங்கள்

வேலை நாளில் இரவு எட்டரை மணிக்கு ரயில் நிலையத்தில் இறங்கி, வீடு இருக்கும் இடம் வரை குடும்பத்தோடு ஷேர் ஆட்டோவிலும் நடந்தும் போய்ப் பாருங்கள். விளக்கு எத்தனை கம்பத்தில் எரிகிறது, நாய்கள் எத்தனை, ஆட்டோக்காரர் எந்த இடத்துக்கு மேல் வர மறுக்கிறார் என்பவை பகலில் தெரியாதவை. சுற்றிலும் காலி மனைகளாக உள்ள இடத்தில் முதல் வீடாகப் போய்க் குடியேறுவதற்குத் தனி மனத்திடம் வேண்டும். புதர் மண்டிய மனைகளில் பாம்பு வரும், பிள்ளைக்கு விளையாட்டுத் துணை வராது. மாவுக் கடை, மருந்துக் கடை, சைக்கிள் ஓட்டும் சிறுவர்கள் ஆகியவை நடை தூரத்தில் இருந்தால் அந்த இடத்தில் குடும்பங்கள் வேர்விட்டுவிட்டன என்று கொள்ளலாம்.

படி 7: வாங்கும் முன் அங்கேயே ஓர் ஆண்டு வாடகைக்கு இருங்கள்

முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 விழுக்காடு கட்டி ஓரிடத்தை வாங்கி, ஒரே மழையில் மனம் வெறுத்து விற்க நேர்ந்தால் அந்த 9 விழுக்காடு திரும்பி வராது. வாடகை முன்பணமோ திரும்பி வரும். ஆகவே இந்த ஆறு படிகளிலும் தேறிய ஊரில், நீங்கள் வாங்க நினைக்கும் தெருவிலேயே, முடிந்தால் தரைத்தளத்தில், வாடகை வீடு பாருங்கள்.

கால அட்டவணையையும் சொல்லிவிடுகிறேன். மே மாதக் கடைசியில் குடியேறினால் ஜூனில் பள்ளி திறக்கும்போதே பிள்ளையைச் சேர்த்துவிடலாம். வந்த முதல் வாரத்திலேயே கோடைத் தண்ணீரின் நிலையும் தெரிந்துவிடும். அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை தெருவைக் காட்டிவிடும். நாங்கள் அப்படி வந்த ஆண்டின் நவம்பரில், இரவு முழுதும் கொட்டிய மழைக்குப் பிறகு விடியற்காலையில் குடையோடு இறங்கி, கேட்டின் அருகே வைத்திருந்த செங்கல்லைப் பார்த்தேன். தண்ணீர் அதன் பாதி உயரத்துக்கு ஏறி, பத்து மணிக்குள் வடிந்திருந்தது. பொங்கல் முடிந்ததும் அதே தெருவின் மேட்டுப் பக்கத்தில் விலை பேச ஆரம்பித்தோம்.