நாலரை மணிக்கே உச்சியில் போய் நிற்காதீர்கள்: எரிமலை விடியல் நடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஏற்காடு ஏறின காலுக்கு எரிமலை என்ன பிரமாதம்?" பாலிக்கு டிக்கெட் போட்ட சேலத்துக் குழு எதுவானாலும் அதில் ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். ஏற்காட்டை ஏறியது காலல்ல, கார். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் டயர் பார்த்துக்கொண்டது. பாலியின் பாத்தூர் எரிமலை 1,717 மீட்டர். ஏற்காட்டைவிட 200 மீட்டர்தான் அதிகம். ஆனால் அதன் அடிவாரத்து ஏரிக்கரைப் பக்கமிருந்து கிட்டத்தட்ட 700 மீட்டர் உயரத்தை இருட்டில், சொந்தக் காலில் ஏற வேண்டும். கிழக்கு ஜாவாவின் ஈஜென் எரிமலை இன்னும் உயரம்.

தண்ணீர் எடுத்துப் போங்கள், நல்ல ஷூ போடுங்கள் என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். முதல்முறை போகிறவர்கள் அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்கிற மற்ற தவறுகள் இவை.

சேர்வராயன் பாறையை நினைத்துக்கொண்டு சாம்பல் மண்ணில் கால் வைப்பது

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை எரிமலை அல்ல. சார்னோகைட் என்னும் பழங்காலக் கெட்டிப் பாறை அது. கால் வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். பாத்தூரின் மேல்பகுதி அப்படியில்லை. கருஞ்சாம்பலும் கோலிக்குண்டு அளவுக் கல்லும் கலந்த தளர்ந்த சரிவு. இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். சறுக்குகிறதே என்று நீட்டி எட்டு வைக்கிறார்கள். அப்போது இன்னும் சறுக்கும். காலடி நீளத்தைப் பாதியாகக் குறைத்து, பாதம் முழுவதையும் பதித்து, முன்னால் போனவர் மிதித்த குழியிலேயே மிதிக்க வேண்டும். அதற்காக அவர் முதுகை ஒட்டிக்கொண்டு போகவும் கூடாது. அவர் உருட்டிவிடும் கல் உங்கள் முழங்காலுக்குத்தான் வரும். மூன்று நான்கு அடி இடைவெளி விடுங்கள். கணுக்காலை மூடும் நீளமான சாக்ஸ் போட்டு, பேன்ட்டின் முனையை ஷூவுக்கு வெளியே இழுத்து விடுங்கள். இல்லாவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஷூவைக் கழற்றிக் கல் கொட்டுவதே வேலையாகிவிடும்.

செல்போன் டார்ச்

கூடாது. ஏற இரண்டு கையும் வேண்டும், படம் எடுக்க பேட்டரி வேண்டும். 200 லூமன் ஹெட் டார்ச்சும் ஒரு செட் புது பேட்டரியும் போதும்.

உச்சியை வெகு சீக்கிரம் அடைவது

பயணத்தின் மொத்தக் காசையும் கரைப்பது இந்த ஒரு தவறுதான். எத்தனை முறை சொன்னாலும், "சீக்கிரம் போனா நல்ல எடம் கெடைக்கும்" என்று முன்னால் ஓடுகிற ஒருவர் எல்லாக் குழுவிலும் இருக்கிறார். பின்னால் வருகிறவர்களையும் இழுத்துக்கொண்டுதான் ஓடுவார்.

நடப்பது இதுதான். வண்டியிலிருந்து இறங்கும்போது மணி மூன்று. சேலத்து வெயிலில் பழகிய உடம்புக்குக் குளிர்கிறது. உள்ளே பருத்தி பனியன், மேலே டி-சர்ட், அதற்கும் மேலே கழுத்துவரை ஜிப் இழுத்த ஜெர்கின். இந்தக் கோலத்திலேயே வேகமாக ஏறத் தொடங்குகிறார். கால் மணி நேரத்தில் பனியன் நனைந்துவிடும். ஜெர்கின் காற்றை உள்ளே விடாது, வியர்வையையும் வெளியே விடாது. நாலரைக்கு உச்சி. சுற்றிலும் கும்மிருட்டு. எரிமலை உச்சியில் மரமில்லை, மறைவில்லை. காற்று நேராக மேலே அடிக்கிறது. ஐந்து மணிக்குப் பல் தந்தியடிக்கிறது. அடிவானத்தில் முதல் கோடு வெளுக்கும் நேரத்தில் "போலாம்பா, இங்க நிக்க முடியல" என்று ஒரு குரல் வரும். கிழக்கே லோம்போக் தீவின் ரிஞ்சானி மலைக்குப் பக்கத்தில் சூரியன் எட்டிப் பார்க்கும்போது பாதிப் பேர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் குளிர் மலையின் குளிர் மட்டுமல்ல. ஒரு கிலோமீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். எட்டு டிகிரி வித்தியாசத்துக்கே நம் ஊரில் மங்கி குல்லாவை எடுக்கிறோம். பாத்தூர் உச்சியின் குளிரைக் காய்ந்த உடம்போடு தாங்கிவிடலாம். ஆளை வீழ்த்துவது பனியன்தான். பருத்தி நீரைப் பிடித்துவைத்துக்கொண்டு விடாது. பனியனில் தங்கிய 100 மில்லி வியர்வை ஆவியாக ஏறக்குறைய 58 கிலோகலோரி வெப்பம் வேண்டும், அதில் பெரும்பங்கை உங்கள் உடம்புதான் கொடுக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு ஒரு மணி நேரத்தில் உண்டாக்குவதே 70, 80 கிலோகலோரிதான். வரவு செலவு அங்கேயே இடித்துவிடுகிறது.

கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். சூரிய உதயம் 6:10 என்றால் உச்சியில் 5:30க்கு நின்றால் போதும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் விடியல் சட்டென்று நடந்து முடிந்துவிடும். கிழக்கு வெளுக்கத் தொடங்குவது உதயத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால். நல்ல நிறங்கள் கடைசி 25 நிமிடத்தில். புதியவர் இருட்டில் ஒரு மணி நேரத்துக்கு 350 மீட்டர் உயரம் ஏறலாம். 700 மீட்டருக்கு இரண்டு மணி நேரம். நின்று மூச்சு வாங்க 20 நிமிடம். ஆக, 3:10க்குக் கிளம்பினால் சரி. வண்டி இரண்டரைக்கே கொண்டுவந்து விட்டுவிட்டால் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருங்கள். வழிகாட்டி அவசரப்படுத்தினால் "பின்னால் மெதுவாக வருகிறோம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பெரும்பாலானோர் கேட்டுக்கொள்வார்கள்.

கிளம்பும்போது ஜெர்கின் பையில் இருக்கட்டும். முதல் பத்து நிமிடம் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் அதிகமாக உடுத்தியிருக்கிறீர்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் ஏறுங்கள்.

துணிக்கடை பாலிதீன் கவரில் காய்ந்த பனியன் ஒன்றை முடிச்சுப் போட்டு வையுங்கள். உச்சியில் முதல் வேலை அதை மாற்றுவது, செல்ஃபி அப்புறம். ஈர பனியனுக்கு மேலேயே ஸ்வெட்டர் போட்டால் ஸ்வெட்டரும் நனையும், அவ்வளவுதான். ஈரத்தைக் கழற்றி, சிறு துண்டால் முதுகைத் துடைத்து, காய்ந்த பனியன், ஸ்வெட்டர், கடைசியாக ஜெர்கின். பெண்களுக்கு மேலே மறைவிடம் கிடைக்காது. அவர்கள் கீழேயே பருத்தியைத் தவிர்த்து, விளையாட்டுக் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் டி-சர்ட்டைப் போட்டுக்கொண்டு ஏறுவது நல்லது. அது உடம்புச் சூட்டிலேயே காய்ந்துவிடும். வெறும் பாறையில் உட்காராமல் பையை அடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்குக்கு விலக்கு ஈஜென். அங்கே பள்ளத்தில் கந்தக வாயு நீலமாக எரியும் நீலத்தீயைப் பார்க்க வேண்டுமானால் விடியலுக்கு வெகு நேரம் முன்னாலேயே ஏறித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அது இருட்டில் மட்டுமே தெரியும். காய்ந்த பனியன் இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தை மாற்றாமல் விடுவது

பாலி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஈஜென் இருப்பது ஜாவாவில். அங்கே ஒன்றரை மணி நேரம்தான். பாலியிலிருந்து படகில் கடலைக் கடந்தால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், சூரியனும் ஐந்து, ஐந்தரைக்கே வந்துவிடும். கைக்கடிகாரத்தை நம்பி அலாரம் வைப்பவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

கந்தகப் புகைக்குத் துணி மாஸ்க்

ஈஜென் பள்ளத்தில் எரிவது லாவா அல்ல, கந்தக வாயு. அதிலிருந்து வரும் சல்ஃபர் டைஆக்சைடு ஈரம் பட்ட இடத்தில் அமிலமாகும். கண், மூக்கு, தொண்டை எல்லாம் ஈரம்தான். துணி மாஸ்க்கும் மருந்துக்கடை மாஸ்க்கும் தூசிக்கு உதவும், வாயுவுக்கு உதவாது. அமில வாயுவுக்கான வடிகட்டி பொருத்திய மாஸ்க் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். வாங்கும்போது வடிகட்டி இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். தாடி அடர்த்தியாக இருந்தால் ஓரம் ஒட்டாது. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காற்று திசை மாறிப் புகை உங்கள் பக்கம் வந்தால் ஓடாதீர்கள், பக்கவாட்டில் நகருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் பள்ளத்துக்குள் இறங்கவே வேண்டாம், விளிம்போடு நின்றுகொள்ளலாம்.

எச்சரிக்கை நிலையைப் பார்க்காமல் கிளம்புவது

இந்தோனேசியாவில் எரிமலைக்கு நான்கு எச்சரிக்கை நிலைகள். முதல் நிலை என்றால் இயல்பு. இரண்டாம் நிலை என்றால் "ஏறலாம், கவனம்" என்று நாமே பொருள் சொல்லிக்கொள்கிறோம். மேற்கு சுமத்ராவின் மராப்பி இரண்டாம் நிலையில்தான் இருந்தது, 2023 டிசம்பர் 3 அன்று திடீரென வெடித்தபோது. எழுபதுக்கும் மேற்பட்டோர் மலையில் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. கிளம்பும் முந்தின நாள் மாலை நிலையைப் பாருங்கள். முன்பணம் போய்விடுமே என்பது ஏறுவதற்குக் காரணமாகாது.

லேடீஸ் சீட்டில் உதயம் தேடுவது

ஏற்காட்டின் அந்தக் காட்சிமுனை சேலம் நகரத்தைப் பார்த்த பக்கம், கிழக்கல்ல. ஒத்திகைக்கு பகோடா பாயிண்ட் போங்கள்.

ஒத்திகையைக் காட்டுக்குள் செய்வது

இருட்டு நடைக்குப் பழக எஸ்டேட் ஒற்றையடிப் பாதைகளில் நுழைகிறார்கள். ஏற்காட்டில் காட்டெருமை இருக்கிறது. விடியலில் காப்பித் தோட்டத்து ஓரம் மேயும், பனியில் பத்தடிவரை தெரியாது. வனப்பாதைக்கு வனத்துறை அனுமதி வேண்டும். மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட 2018 மார்ச் குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகு இதில் விளையாட்டே இல்லை. கால் பழக சங்ககிரி மலைக்கோட்டையைப் பகலில் ஏறி இறங்குங்கள். அதுவும் தூரமென்றால் வீட்டு மாடிப்படி: 700 மீட்டர் என்பது சுமார் 230 மாடி. ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கி, நாளுக்கு 40 மாடி என்று வைத்துக்கொண்டால் போதும். ஏறுவதைவிட இறங்குவதை எண்ணுங்கள்.

வெறும் வயிறு

இரண்டு வாழைப்பழம், கிளம்ப அரை மணி நேரம் முன்னால். பையில் கடலை மிட்டாய்.

இறக்கத்தை மறந்துவிடுவது

சூரியன் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து ஓடி இறங்குகிறார்கள். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். முந்தின நாளே கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்; இறங்கும்போது பெருவிரல் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே வரும், நகம் கருத்துப்போகும். ஏறும்போது தளர்வாக இருந்த லேஸை இறங்குமுன் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்கள். சாம்பல் சரிவில் குதிகாலை முதலில் குத்தி, முழங்காலைச் சற்று மடக்கி இறங்க வேண்டும். சறுக்கினால் பின்பக்கமாக உட்கார்ந்துவிடுங்கள், கையை ஊன்றாதீர்கள். அந்தக் கல் கண்ணாடித் தூள் மாதிரி உள்ளங்கையைக் கிழிக்கும்.