சோற்றைக் குறைத்தும் எடை குறையவில்லையா?

எடையைக் குறைப்பது என்று முடிவெடுத்த அன்றைக்கே நம் வீடுகளில் குற்றவாளிக் கூண்டில் ஏறுவது சோறுதான். மதியம் இரண்டு கரண்டி குறையும். இரவில் சப்பாத்தி வந்துவிடும். ஒரு மாதம் கழித்து எடை பார்த்தால் முள் பழைய இடத்திலேயே நிற்கும். "என் உடம்பு வாகு அப்படி" என்று சொல்லி அதோடு விட்டுவிடுவோம்.

என் வீட்டில் சமைப்பது நான்தான். இந்தத் தவறுகளில் பலவற்றைப் பல வருடம் செய்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். தட்டில் பார்த்ததும் தெரிகிற பொருளுக்கு மட்டும் நாம் கணக்குப் பார்க்கிறோம். தாளிப்பில் கரைந்ததும், காபியில் கலந்ததும், நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டதும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

ராத்திரி சப்பாத்தி

100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 340. வித்தியாசம் அவ்வளவுதான். முழுக்கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் கொஞ்சம் கூடுதல், அதை மறுக்கவில்லை. ஆனால் நாலு சப்பாத்திக்கு ஏறத்தாழ 120 கிராம் மாவு போகிறது, அது 400 கலோரி. கல்லில் போடும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் இன்னொரு 160. தொட்டுக்கொள்ளத் தேங்காயும் முந்திரியும் அரைத்துவிட்ட குருமா வேறு. அதே 400 கலோரிக்கு 300 கிராம் சோறு கிடைக்கும். அதில் ரசத்தை ஊற்றி, ஒரு கிண்ணம் கீரையோடு சாப்பிட்டு எழுந்திருக்கலாம். சப்பாத்தியில் இன்னொரு சிக்கல், சூடாகச் சுடச்சுட வந்துகொண்டே இருப்பதால் எண்ணிக்கை நாலில் நிற்பதில்லை.

சிறுதானியத்துக்கும் இதே கதைதான். தினை, சாமை, வரகு எல்லாமே 100 கிராமுக்கு 330 முதல் 350 கலோரி. தவிடு போகாததாக வாங்கினால் நார்ச்சத்து நல்லபடி கிடைக்கும். கேழ்வரகில் கால்சியம் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. இதெல்லாம் சாப்பிடுவதற்கு நல்ல காரணங்கள். ஆனால் சாமைப் பொங்கலில் நெய் மிதந்தால் சாமை என்ற பெயர் உங்களைக் காப்பாற்றாது. நைசாக அரைத்த கேழ்வரகு மாவைக் கஞ்சியாக்கி, நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிப்பதும் அப்படித்தான்.

குக்கர் சோறு குண்டாக்கும், வடித்த சோறு குண்டாக்காது என்பதும் ஊர் முழுக்க உள்ள நம்பிக்கை. வடிக்கும்போது கொஞ்சம் மாவுச்சத்து கஞ்சியோடு போகிறது, சரி. அதோடு பி வைட்டமின்களும் போகின்றன. வடித்த சோறுதானே என்று ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் மிச்சம் பிடித்தது அங்கேயே காலி.

அப்போது சோற்றைக் குறைக்க வேண்டாமா? குறைக்கலாம். ஆனால் காலியான இடத்தில் என்ன வருகிறது என்பதுதான் முக்கியம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படுகிற ஒருவருக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம் என்கிறது. இரண்டுமே சமைப்பதற்கு முந்தைய எடை. நம் தட்டில் இது தலைகீழாக இருக்கிறது. பொரியலை ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைக்கிறோம். நான் செய்த ஒரே மாற்றம், தட்டில் முதலில் காயைப் பரிமாறிவிட்டு மீதி இடத்தில் சோறு போடுவது. புடலங்காய், பீர்க்கங்காய், சுரைக்காய், வாழைத்தண்டு, முட்டைக்கோஸ், கீரை என்று எது வேண்டுமானாலும் இருக்கட்டும். உருளைக்கிழங்கையும் சேப்பங்கிழங்கையும் மட்டும் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை சோற்றோடு எண்ண வேண்டியவை.

எண்ணெய் பாக்கெட்டை வைத்து ஒரு கணக்கு

மாவுச்சத்திலும் புரதத்திலும் ஒரு கிராமுக்கு 4 கலோரி. எண்ணெயில் 9. ஒரு லிட்டர் பாக்கெட்டின் பின்பக்கம் பார்த்தால் 910 கிராம் என்று போட்டிருக்கும். அதாவது ஒரு பாக்கெட்டில் சுமார் 8,200 கலோரி.

நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 5 லிட்டர் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4,550 கிராம். அதை நாலு பேருக்கும் 30 நாளுக்கும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், கிட்டத்தட்ட 340 கலோரி. மேலே சொன்ன வழிகாட்டி கொடுப்பது நாளுக்கு 27 கிராம்தான். நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர் ஆகிறது. நெய்யும் இதற்குள் அடக்கம். எடை குறைக்க நினைக்கிறவருக்கு இதைவிடவும் குறைவாக இருந்தால் நல்லது. முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது என் வீட்டில் ஆளுக்கு 40 கிராமைத் தாண்டியிருந்தது. அதுவும் கடையில் தின்ற பஜ்ஜி, பூரியைச் சேர்க்காமல். நாங்களெல்லாம் "எண்ணெய்ப் பலகாரமே சாப்பிடுவதில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த குடும்பம்!

பொரிப்பதில் போகிற எண்ணெய் கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் போவது வேறு இடங்களில். வத்தக்குழம்பு என்றால் எண்ணெய் பிரிந்து மேலே நிற்க வேண்டும் என்று நமக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது. கத்தரிக்காய் சுருளச் சுருள எண்ணெயைக் குடிக்கும். குழம்புக்கு வதக்கும்போது ஒரு தடவை ஊற்றி, கடைசியில் தாளித்துக் கொட்ட இன்னொரு தடவை ஊற்றுகிறோம். இட்லி இருக்கிறதே, அது ஆவியில் வெந்தது, எண்ணெயே இல்லை. ஆனால் மிளகாய்ப்பொடியின் நடுவில் குழி பறித்து ஊற்றுகிற நல்லெண்ணெய்? இரண்டு டேபிள்ஸ்பூன் என்றால் 240 கலோரி. சாப்பிட்ட நாலு இட்லிக்குச் சமமாகத் தொட்டுக்கொண்டதே வந்து நிற்கும்.

வழி சிரமமானதல்ல. பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதை நிறுத்தி, எண்ணெய்த் தூக்கில் ஒரு டீஸ்பூனைப் போட்டு வையுங்கள். எல்லாவற்றுக்கும் அந்த ஸ்பூன்தான். பொரியலுக்குக் காயை உப்பும் கொஞ்சம் தண்ணீரும் தெளித்து மூடி வேகவிட்டு, ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்துக் கொட்டினால் போதும். வாசனை தாளிப்பில்தான் இருக்கிறது, அளவில் இல்லை. தோசைக்கல்லில் நம் பாட்டிகள் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பார்கள். பழகிய இரும்புக்கல்லுக்கு இன்றும் அது போதும். மிளகாய்ப்பொடியைத் தயிரில் குழைத்துப் பாருங்கள். முதல் நாள் பிடிக்காது. நாலாவது நாள் பழகிவிடும்.

மரச்செக்கு எண்ணெய் வாங்குகிறேன், அதனால் கவலையில்லை என்பவர்கள் உண்டு. மணமும் சுவையும் நன்றாக இருக்கும், நானும் வாங்குகிறேன். ஆனால் செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் கிராமுக்கு 9 கலோரிதான். "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பாக்கெட்டில் பெரிதாக எழுதியிருப்பதையும் கண்டுகொள்ள வேண்டாம். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது.

இதைப் படித்துவிட்டு நாளையிலிருந்து எண்ணெயே இல்லாத சமையல் என்று இறங்குவது அடுத்த தவறு. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். அப்புறம், உப்புச் சப்பில்லாமல் அவித்த காயை ஒரு வாரம் சாப்பிட்டவர் எட்டாம் நாள் போய் உட்காருவது பரோட்டாக் கடையில்தான்.

சாம்பாரில் பருப்பு எங்கே?

"தினமும் சாம்பார் வைக்கிறோமே, புரதத்துக்கு என்ன குறை?" என்று கேட்பார்கள். நாலு பேருக்கு வைக்கிற சாம்பாரில் 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் அதுவே தாராளம். அதில் 22 கிராம் புரதம், ஆளுக்கு ஐந்தரை கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்குச் சுமார் 50 கிராம் வேண்டும். தானியத்திலிருந்து ஒரு 20 கிராம் வரும். மீதி எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் பல வீடுகளில் துண்டு விழும்.

எடைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. புரதம் குறைந்த சாப்பாடு சீக்கிரம் பசிக்க வைக்கும். சோற்றையும் குறைத்து, புரதத்தையும் சேர்க்காமல் விட்டால் நாலு மணிக்கு மிக்சர் டப்பா தானாகத் திறந்துகொள்ளும். 100 கிராம் மிக்சரில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. மதியம் மிச்சம் பிடித்ததைச் சாயங்காலம் வட்டியோடு கட்டுகிறோம்.

50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டலாக்கினால் சுமார் 10 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு கிண்ணம் தயிரில் 6 கிராம். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தி இருக்கிறது, 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம். விலையும் மற்ற மீன்களைவிடக் குறைவு. குழம்பு வையுங்கள், பொரிக்காதீர்கள். சுண்டலை நவராத்திரிக்கு மட்டும் ஒதுக்கி வைத்தது யார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வெல்லம், தேன், கருப்பட்டி

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு டீஸ்பூன் சர்க்கரையில் 20 கலோரி. தேனிலும் நாட்டுச் சர்க்கரையிலும் கருப்பட்டியிலும் கிட்டத்தட்ட அதேதான். தாதுக்கள் கொஞ்சம் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்காக வெல்லம் தின்பது, புல்லுக்காக வயலையே விலைக்கு வாங்குவது மாதிரி. நாளுக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் 30 கிராம் ஆகிவிடுகிறது. 25 கிராமுக்குள் நிற்கச் சொல்கிறார்கள். வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையும் என்பதில் உண்மையான பகுதி வெந்நீர் மட்டும்தான், அது தாகத்தைத் தீர்க்கும்.

"வீணாகப் போகுதே"

இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் என் எடையில் பாதிக் கதை இதுதான். பிள்ளை கடித்துவிட்டுப் போன அரைத் தோசை. பானையின் அடியில் ஒட்டிய இரண்டு கரண்டி சோறு. வடை போடும்போது உப்புப் பார்க்க ஒன்று, வெந்ததா என்று பார்க்க இன்னொன்று. எல்லாரும் சாப்பிட்டு முடித்தபின் மூன்று மணிக்கு, பாத்திரத்தைக் காலி செய்ய வேண்டும் என்பதற்காகவே ஒரு சாப்பாடு. நாள் முழுக்கச் சேர்த்தால் 300 கலோரி வந்துவிடும். கேட்டால், "நான் என்னத்தச் சாப்பிடுறேன்?" என்போம். பொய் சொல்வதில்லை. உட்கார்ந்து தட்டில் சாப்பிட்டது மட்டும்தான் நமக்குச் சாப்பாடு.

அன்னத்தைக் கொட்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரம் என்ன மிஞ்சுகிறது என்று கவனித்து, அரை டம்ளர் அரிசி குறைத்துப் போடலாம். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் காலைப் பலகாரம் தயார். மிஞ்சிய இட்லி ஃப்ரிஜ்ஜுக்குப் போகட்டும், சாயங்காலம் உதிர்த்துத் தாளிக்கலாம்.

விரதத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு இரவில் "பலகாரம்தான்" என்று அடையும் வெண்ணெயும் சாப்பிட்டால் சாமிக்குக் கணக்கு சரி, உடம்புக்குச் சரியில்லை. இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் வேளை தவறவே கூடாது. சர்க்கரை அளவு திடீரென்று இறங்கி மயக்கம் வரும், அது எடையைவிடப் பெரிய ஆபத்து.

நடைக்குப் பிறகு வடை

65 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறத்தாழ 130 கலோரி செலவாகும். பூங்கா வாசல் டீக்கடையில் ஒரு உளுந்துவடையும் ஒரு டீயும் சாப்பிட்டால் செலவழித்ததைவிட அதிகமாகவே திரும்பி வந்துவிடும். நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் நல்லது, விடாதீர்கள். வடைக்கான அனுமதிச் சீட்டாக மட்டும் அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தினமும் எடை மேடையில் ஏறிக் கலங்குவதும் வேண்டாம். கல்யாண வீட்டில் அப்பளமும் ஊறுகாயுமாகச் சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ கூடித் தெரியும். அது பெரும்பாலும் உப்பு பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். சாப்பாட்டைக் குறைத்த முதல் வாரத்தில் விறுவிறுவென்று குறைவதிலும் பெரும்பங்கு தண்ணீர்தான். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நன்றாகக் குறைகிறது என்று அர்த்தம். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும்.

எடையைவிட எனக்கு நம்பிக்கையானது தையல் டேப். நம் ஊர் உடல்வாகுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டருக்குள், பெண்கள் 80 சென்டிமீட்டருக்குள் வயிற்றுச் சுற்றளவை வைத்துக்கொள்ள வேண்டும். அங்குலத்தில் சொன்னால் முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. பேன்ட் சைஸைக் கேட்டால் என் வீட்டுக்காரர் இன்றும் முப்பத்திரண்டு என்றுதான் சொல்வார். பெல்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டினால் யாருக்கும் முப்பத்திரண்டு வரும்.